ராத்தங்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. சிட்னியில் இருக்கிறோம். மூன்று ஜோடி, மொத்தம் ஆறு பேர், கல்லூரிக் காலத்திலிருந்தே நண்பர்கள். ஆகஸ்டில் ஐந்து நாள் குயின்ஸ்லாந்துக் கரையோரம் உள்ள விட்சண்டே தீவுகளுக்குப் போய், பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டலாம் என்று இருக்கிறோம். லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? எனக்கு மட்டும்தான் கொஞ்சம் பழக்கம். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் சிட்னி துறைமுகத்தில் சின்னப் பாய்ப்படகு ஓட்டுகிறேன். இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. என் மனைவிக்கு பஸ்ஸில் போனாலே குமட்டும். படகோட்ட ஸ்கிப்பர் வைத்தால் செலவு, நம் சுதந்திரமும் போய்விடும் என்று ஒரு நண்பன் ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கள் திட்டத்தையும் அனுப்பியிருக்கிறேன். எங்களால் முடியுமா?

பதில்:

முடியும் தம்பி. நீச்சல் தெரியாதவர்களையும் குமட்டல்காரர்களையும் ஏற்றிக்கொண்டு அந்தத் தீவுகளுக்குள் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். திரும்பி வந்தவர்களில் பலர் அடுத்த வருஷத்துக்கு அப்போதே நாள் குறித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய திட்டத்தோடு போக வேண்டாம். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

முதல் நாள் வைட்ஹேவன் கடற்கரை, இரண்டாம் நாள் வெளிப் பவளப்பாறை, மூன்றாம் நாள் ஹேமன் தீவு, நான்காம் நாள் ஹாமில்டன் தீவு, ஐந்தாம் நாள் திரும்புவது என்று கலர் கலராக அட்டவணை போட்டிருக்கிறீர்கள். அதில் பகல் மட்டும்தான் இருக்கிறது. இரவு எங்கே என்று ஒரு கட்டம்கூட இல்லை. காரில் ஊட்டிக்குப் போனால் இப்படித் திட்டம் போடலாம், சாயங்காலம் எந்த ஊர் வருகிறதோ அங்கே ஒரு லாட்ஜ் கிடைக்கும். படகில் அப்படி இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, அதற்கு முதுகு காட்டிய ஒரு குடா வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே அதற்குள் போய்விட வேண்டும். அதனால் முதலில் நான்கு இரவுகளையும் குறியுங்கள். பகலில் எதைப் பார்ப்பது என்பது, ஒரு இரவிடத்திலிருந்து அடுத்த இரவிடத்துக்குப் போகிற வழியில் தானாக அமையும்.

ஆகஸ்டில் அங்கே தென்கிழக்குக் காற்றுதான் ஆட்சி. 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்), 20 நாட் என்பது சாதாரணம். சில நாட்களில் 25ஐத் தொடும். 26 நாட்டுக்கு மேல் போகும் என்று தெரிந்தால் வானிலைத் துறை பலத்த காற்று எச்சரிக்கை கொடுக்கும், அன்றைக்குப் படகுக் கம்பெனி உங்களைக் கிளம்ப விடாது. இந்தக் காற்றில் தீவுகளின் வடக்கு, மேற்குப் பக்கக் குடாக்கள் பொதுவாக அமைதியாக இருக்கும். வைட்ஹேவனோ விட்சண்டே தீவின் கிழக்குக் கரையில், ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்து கிடக்கிறது. பகலில் அதைவிட அழகான இடத்தை நான் பார்த்ததில்லை. மணல் கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா, நடந்தால் காலடியில் கீச்சென்று சத்தம் வரும். ஆனால் காற்று ஓங்கிய இரவில் அங்கே நங்கூரம் போட்டால், அலை தீவை வளைத்துக்கொண்டு வந்து படகைப் பக்கவாட்டில் உருட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் மனைவி அந்த ஒரு இரவுக்கு அப்புறம் படகு என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பதினான்கு வருஷத்துக்கு முன்பு நண்பர்கள் ஐந்து பேர் போயிருந்தோம். வைட்ஹேவனில் இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி என்று இருந்துவிட்டு இரண்டு மணிக்குமேல்தான் கிளம்பினோம். ஹுக் தீவின் மேற்கே ஸ்டோன்ஹேவனுக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் விழுந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் அஸ்தமனம். அங்கே படகைக் கட்டிவைக்கப் போட்டிருந்த மூரிங் மிதவைகளை எல்லாம் முன்னால் வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் அடியில் மணலா பவளமா என்றே தெரியவில்லை. பத்து மீட்டர் ஆழம் காட்டிய இடத்தில் நங்கூரத்தைப் போட்டு முப்பது மீட்டர் சங்கிலி விட்டோம். போதும் என்று நினைத்தோம். கடல் ஏற்றம் வந்து நள்ளிரவுக்குள் தண்ணீர் மூன்று மீட்டர் ஏறிவிட்டது. ஹுக் தீவு மலையிலிருந்து திடீர் திடீரென்று இறங்கி அடிக்கும் காற்றை அங்கே 'புல்லட்' என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றரை மணிக்குச் சங்கிலி முனகுகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். டார்ச் அடித்தால், படகின் பின்பக்கம் இருபது மீட்டரில் பவளப்பாறைமேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. இன்ஜின் உடனே பிடித்ததால் தப்பித்தோம். வெளியே ஆழத்தில் மறுபடி நங்கூரம் போட்டு, விடியும்வரை இரண்டு இரண்டு பேராக முழித்திருந்தோம். அன்று என் நண்பனின் கை நடுங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் என்னிடம் கற்றுக்கொள்கிறவர்களிடம் மூன்று மணி என்று ஒரு கோடு போட்டுத் தருகிறேன். கம்பெனிகள் நான்கு மணிக்குள் படகு நிலைகொள்ள வேண்டும் என்பார்கள். நீங்கள் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் சூரியன்தான். அது உச்சியில் இருக்கும்போது தண்ணீருக்கடியில் மணல் வெளிர்நீலமாகவும், பவளம் பழுப்பாகவும் தனித்தனியாகத் தெரியும். சாய்ந்துவிட்டால் மேலே பளபளப்பு மட்டும்தான். முதல் இடம் சரிப்படவில்லை என்றால் வேறு குடா தேட ஒரு மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும்.

நங்கூரம் போடும் முறையைக் கம்பெனியில் காட்டித் தருவார்கள். நான் இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். சங்கிலிக் கணக்கை இப்போது இருக்கும் ஆழத்தை வைத்துப் போடாதீர்கள். இரவு ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது எவ்வளவு ஆழம் வரும் என்று ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு, அதைப்போல் ஐந்து மடங்கு விடுங்கள். விட்டபிறகு இன்ஜினை மெதுவாகப் பின்னோக்கிக் கொடுத்துக்கொண்டு, ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், மண்டியிட்டு, சங்கிலி சுற்றும் இயந்திரத்துக்கு முன்னால் உள்ள பகுதியில் உள்ளங்கையை லேசாக வைத்துப் பார்க்கட்டும். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி இறுகி அமைதியாக நிற்கும். கரகரவென்று கைக்குள் அதிர்வு வந்தால் அடியில் இழுபடுகிறது, எடுத்து மறுபடி போடுங்கள். மூன்று தடவை எடுத்துப் போட்டாலும் வெட்கமே இல்லை. பக்கத்துப் படகுக்காரர் பார்க்கிறாரே என்று அரைகுறையாக விட்டவர்கள்தான் இரவில் முழித்திருக்கிறார்கள்.

சரி, லைசென்ஸ். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். விட்சண்டேயில் இப்படிப் படகை மட்டும் வாடகைக்கு எடுப்பதை 'பேர்போட்' என்கிறார்கள். அதற்கு லைசென்ஸ் கேட்பதில்லை. உங்கள் அனுபவத்தை விசாரிப்பார்கள், கிளம்புமுன் சில மணி நேரம் விளக்கம் கொடுப்பார்கள், தினமும் ரேடியோவில் உங்கள் இடத்தைக் கேட்டு வானிலை சொல்வார்கள். அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் சனிக்கிழமைப் படகில் நீங்கள் தப்பு செய்தால் நனைவீர்கள், அவ்வளவுதான். நாற்பது அடிப் படகு பல டன் எடை. கையை நீட்டித் தடுத்து நிறுத்த முடியாது. நிறுத்தப் போனால் கை போய்விடும். இந்த வித்தியாசம் உடம்புக்குப் பழக ஒரு நாளாவது வேண்டும்.

அதனால் ஐந்து நாளுக்கும் ஸ்கிப்பர் வேண்டாம், முதல் நாளும் முதல் இரவும் மட்டும் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் இதற்கு ஆள் தருகின்றன. அவரையே ஓட்ட விட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். நீங்கள் சுக்கானைப் பிடியுங்கள், அவர் பக்கத்தில் நிற்கட்டும். மூரிங் பிடிப்பதை ஐந்து முறையாவது செய்யுங்கள். காற்றுக்கு எதிர்முகமாக மெதுவாக வரவேண்டும், அணியத்தில் கொக்கிக் கழியோடு நிற்பவர் மிதவை எங்கே என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மிதவை படகுக்கடியில் மறைந்ததும் சுக்கானில் இருப்பவருக்கு அந்தக் கைதான் கண். கத்துவது காற்றில் கேட்காது, இன்னொன்று, கணவன் மனைவிக்குள் சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்த நாள் காலை அந்த வழிகாட்டி இறங்கிப் போகும்போது, சுதந்திரம் வேண்டும் என்று கேட்ட உங்கள் நண்பருக்கு மீதி நாட்களும் அது பயமில்லாமல் கிடைக்கும்.

அவர் இறங்கியபின் கேப்டன் நீங்கள்தான். இதைப் படகில் ஏறுமுன், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிடுங்கள். எங்கே போகலாம், என்ன சமைக்கலாம் என்பதற்கெல்லாம் ஆறு பேருக்கும் ஓட்டு உண்டு. இன்று கிளம்பலாமா, இங்கே தங்கலாமா என்பதில் நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மற்ற ஐந்து பேரில் யார் ஒருவருக்குப் பயம் வந்தாலும் அதுவும் ஒரு 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷ நட்பில் ஒருவர் மற்றவருக்கு உத்தரவு போடுவது சங்கடம்தான், எனக்கும் இருந்தது. காற்று 25இல் அடிக்கும்போது கூடிப் பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது. இன்னொன்று, படகு ஓட்டுகிறவருக்கும் காரோட்டுகிறவருக்கு இருக்கிற அதே 0.05 மது வரம்புதான். கட்டிப்போட்டபிறகும் இரவில் எழுந்து இன்ஜினைத் தொட வேண்டி வரலாம் என்பதால், அந்த நான்கு இரவும் ஒருவராவது குடிக்காமல் இருங்கள்.

இப்போது உங்கள் நான்கு இரவுகள். தென்கிழக்குக் காற்று வழக்கம்போல் இருந்தால் நான் இப்படிப் போவேன். படகு கிளம்பும் கரையோர ஊரான ஏர்லி பீச்சில் விளக்கம் முடிந்து கிளம்பவே மதியமாகிவிடும், அதனால் முதல் இரவு பக்கத்திலேயே தெற்கு மோல் தீவின் பாவர் பே. மறுநாள் தீவுகளுக்கு இடையே உள்ள அகன்ற கடல்வழியான விட்சண்டே கால்வாயைக் கடந்து, ஹுக் தீவுக்குள் கை நுழைத்தாற்போல் நீண்டு கிடக்கும் நேரா இன்லெட். மூன்றாம் நாள் ஹுக், விட்சண்டே இரண்டு தீவுகளுக்கும் இடையே உள்ள ஹுக் பாசேஜ் வழியாகக் கிழக்கே போய் டங் பே. நான்காம் நாள் அதே வழியில் திரும்பி சிட் ஹார்பர். ஐந்தாம் நாள் விடிந்ததும் கிளம்பினால் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து கரை சேர்க்கும். ஹேமனும் ஹாமில்டனும் இந்த முறை வேண்டாம். வெளிப் பவளப்பாறைக்குப் பேர்போட்டில் பொதுவாக அனுமதிப்பதே இல்லை. பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, ஏர்லி பீச்சிலிருந்து போகும் பெரிய படகில் டிக்கெட் எடுத்துப் போய்வாருங்கள்.

விட்சண்டே கால்வாயில் நீரோட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். நாகப்பட்டினப் பக்கம் எங்கள் ஊரில் இதை நீவாடு என்பார்கள். அப்பா காலையில் கரையில் நின்று காற்றைப் பார்த்த கையோடு நீவாட்டையும் பார்ப்பார். விட்சண்டேயில் ஏற்றத்தின்போது தண்ணீர் தெற்கே ஓடும், வற்றத்தின்போது வடக்கே ஓடும். காற்றோ தென்கிழக்கிலிருந்து வருகிறது. அப்படியானால் ஏற்ற நேரத்தில் நீவாடும் காற்றும் முட்டிக்கொள்ளும், அலை குட்டை குட்டையாகச் செங்குத்தாக எழும்பும். வற்ற நேரத்தில் இரண்டும் ஒரே பக்கம், அதே 20 நாட் காற்றில் கடல் பாதி அடங்கியிருக்கும். அதனால் கால்வாயைக் கடப்பதை வற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹுக் பாசேஜில் ஓட்டம் இன்னும் வேகம். தண்ணீர் நின்று திரும்பும் நேரத்தில் அதைக் கடப்பதுதான் நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இதெல்லாம் இரட்டிப்பாகத் தெரியும், முடிந்தால் அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி எடுங்கள்.

டங் பேயிலிருந்து சின்னக் காட்டு வழியாக ஏறினால் ஹில் இன்லெட் பார்வை மேடை. நீலமும் வெள்ளையும் கலந்து சுழித்த அந்தக் காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் அந்தச் சுழிப்பு நன்றாகத் தெரியும். ஆனால் அதே நேரத்தில் டங் பே கரையில் நீருக்கடியில் உள்ள பாறைத்திட்டு தலைகாட்டிவிடும், படகிலிருந்து கரைக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கி கரைக்குப் போகாது. வற்றத்தில் இறங்கினால் டிங்கி தரைதட்டி நிற்கும். வற்றம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கி, டிங்கி நுழையுமளவு ஆனதும் இறங்குங்கள். காட்சியும் இருக்கும், திரும்பும் வழியும் இருக்கும். டிங்கியை நாலு பேராகத் தூக்கி மேலே வைத்து மரத்தில் கட்டிவிட்டுப் போங்கள். வைட்ஹேவனின் வடகோடியை ஒட்டிய மணல்கரையும் அங்கேயே இருக்கிறது, ஆசை தீர நடக்கலாம்.

நேரா இன்லெட்டில் அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான ஙாரோ மக்களின் பழைய குகை ஓவியங்கள் உண்டு, படியேறிப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். படகில் சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் வந்து பிரித்து எறிந்துவிடும். சிட் ஹார்பரில் மட்டும் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. 2018 செப்டம்பரில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு பேரைச் சுறா கடித்தது, நவம்பரில் ஒருவர் இறந்தே போனார். அமைதியான குடாதான், தூங்க அருமையான இடம், காலாற நடக்க சாமில் பீச்சிலிருந்து டுகாங் பீச் வரை நல்ல பாதை இருக்கிறது. நீச்சல் மட்டும் வேறு இடத்தில்.

நீச்சல் தெரியாத இருவருக்கும் ஒன்று சொல்லுங்கள். கிளம்புமுன் சிட்னியில் ஒரு நீச்சல் குளத்தில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஆழமான பக்கத்தில் அரை மணி நேரம் மிதந்து பார்க்கட்டும். ஜாக்கெட் தூக்கும் என்பதை உடம்பு ஒரு தடவை நம்பிவிட்டால் பாதி பயம் போய்விடும். படகு ஓடும்போதும் டிங்கியில் ஏறி இறங்கும்போதும் கழற்றவே கூடாது. நான் பார்த்தவரை ஆட்கள் அதிகம் விழுவது டிங்கியிலிருந்துதான். ஜெல்லிமீன் ஆபத்து நவம்பர் முதல் மே வரைதான் அதிகம், இருந்தாலும் ஆகஸ்டிலும் உடம்பை மூடும் ஸ்டிங்கர் உடையைப் போட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. தண்ணீரும் அப்போது கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும்.

உங்கள் மனைவிக்காக, ஒற்றை உடல் படகை விட்டு இரட்டை உடல் கேட்டமரான் எடுங்கள். வாடகை கூடத்தான், ஆனால் சாயாது. ஆறு பேருக்கு இடமும் தாராளம். நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனது. அப்பா தினமும் கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார். அந்தப் பெயர் இரண்டு உடலும் நான்கு படுக்கையறையுமாகப் பவளக் கடலில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அவர் ஞாபகம் வரும். குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முந்தின இரவே ஆரம்பிக்கட்டும், குமட்டல் வந்தபின் விழுங்கினால் நிற்காது. படகு ஓடும்போது கீழே அறைக்குள் போகாமல் படகின் பின்பக்கமான அமரத்தில் உட்கார்ந்து தூரத்துத் தீவைப் பார்க்கட்டும். சுக்கானைப் பிடிக்கக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஓட்டுகிறவருக்குக் குமட்டல் குறைவு என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சமையலைக் கட்டிப்போட்டபிறகு வைத்துக்கொள்ளுங்கள். பகலுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் போதும்.

ஆகஸ்ட் திமிங்கில மாதம். வாலைத் தூக்கி அடிப்பதைப் பார்த்தால் எல்லோரும் கிட்டே போ, கிட்டே போ என்பார்கள். விட்சண்டே பாதுகாப்புப் பகுதியில் 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. பாயைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருங்கள். தூண்டில் போடுமுன் கம்பெனி தரும் வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பாருங்கள், பச்சையில் மீன்பிடிக்க அனுமதியில்லை.

போன இடத்தில் காற்று ஓங்கிவிட்டால் என்ன செய்வது என்று உங்கள் திட்டத்தில் எங்கும் இல்லை. நேரா இன்லெட்டிலேயே இரண்டு இரவு இருங்கள். டங் பே இல்லாமல் போகட்டும். காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வெளியே கால்வாயில் வெள்ளை அலை ஓடிக்கொண்டிருப்பது தெரியும். ஒரு தடவை நான்கு நாளில் மூன்று நாள் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம், அதைத்தான் இன்றுவரை பேசுகிறது.

தேதி முடிவானதும் புதிய அட்டவணையை அனுப்புங்கள் தம்பி. அந்த வாரத்து ஏற்ற வற்ற நேரங்களையும் சேர்த்து அனுப்புங்கள், நான்கு இரவுக் கட்டங்களையும் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.